உயிர் எறால் மட்டும்

பொம்மை மீனா? அதெல்லாம் இங்க கெடையாது சார். போர்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே, ‘உயிர் எறால் மட்டும்’னு. ‘மட்டும்’ங்கிறதுக்கு அடியில கோடு வேற போடச் சொன்னேன். அப்படியும் மாசத்துக்கு நாலு பேரு வந்துருதான். வந்து அண்ணாந்து பாக்கான், சிரிக்கான், ‘பொம்மை மீன் இருக்கா’ங்கான். எறால் விக்கிறவங்கிட்ட எதுக்கு இதைக் கேக்கான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. நீங்களும் அதையேதான் கேக்கிய.

சரி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு காலு லேசா ஆடும், பாத்து. வெள்ளம், அதான் கடல் தண்ணி, உள்ள ஏற இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். இப்ப பாலத்துல நின்னு தூண்டில் போட்டியன்னா பேத்தைதான் கடிக்கும். வயித்தை ஊதிக்கிட்டு வருமே, அது. உக்காருங்க, டீ சொல்லுதேன்.

பொம்மை மேல எனக்கு என்ன கோவம்னு கேக்கியளா? நீங்க கேக்கல. ஆனா கேட்டா சொல்லலாம்லா, அதுக்குச் சொல்லுதேன். எறாலைக் கொக்கியில மாட்டிப் போட்டா, மீனு சாகுறதுக்கு முன்னால ஒரு வாய் நல்ல சாப்பாடு சாப்பிட்டுட்டுச் சாகுது. அதுல ஒரு நியாயம் இருக்கா இல்லியா? பொம்மைன்னா வெறும் பிளாஸ்டிக்கு. பசியோட வீட்டுக்கு வந்தவனுக்கு மெழுகுல செஞ்ச வாழைப்பழத்தைக் குடுக்க மாதிரி. மனுசன் செய்யுத காரியமா அது?

என் மச்சினன் செய்யுதான். லிங்கதுரைன்னு பேரு. என் வீட்டுக்காரி பிரமுவுக்கு ஒரே தம்பி. எங்கூட இந்தக் கழியில பத்து வருசம் எறால் பிடிச்சவன். கழின்னா, இந்தா கடைக்குப் பின்னால கெடக்கே, கடல் தண்ணி உள்ள வந்து வந்து போகும், அதான். திடீர்னு ஒரு நாளு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடை தொறந்துட்டான். பூரா பொம்மை. பச்சை, மஞ்சள், ரோஸ், ஜிகினா வச்சது, வாலு ஆடுறது. வளையல் கடை கெட்டுது போங்க.

அதோட விட்டானா? போன வருசம் பங்குனியில, டீக்கடையில வச்சு எல்லாரு முன்னாலயும் சொல்லுதான்: ‘அத்தான், எறாலுக்கு இனி வேலை இல்ல. நம்ம கழியில கெடக்க கொடுவா மீனெல்லாம் பொம்மைக்குத்தான் வாயத் தொறக்கு.’

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். டீ கிளாசை வச்சேன். ‘எலேய், நம்ம கழியில ஒரு கொடுவா பொம்மையைக் கடிச்சு நான் கண்ணால பாத்தேன்னு வையி, அந்தப் பொம்மையை என் கையால என் கடை வாசல்ல கட்டித் தொங்க விடுதேன். ஊரே வந்து பாக்கட்டும்’னுட்டேன். டீக்கடை பூரா கேட்டுக்கிட்டு இருந்துச்சு சார். கொம்பையா ஒண்ணு சொன்னா சொன்னதுதான். எறாலு செத்திருந்தா ‘செத்துருச்சு’ன்னு சொல்லித்தான் குடுப்பேன். எவன்கிட்ட வேணும்னாலும் கேளுங்க.

இப்ப நான் சொல்லப்போறதை மட்டும் எவன்கிட்டயும் சொல்லிராதிய. நீங்க வெளியூரு, சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவிய. அதான் ஒங்ககிட்டச் சொல்லுதேன்.

எனக்கு ஒரே மக, சுகந்தி. அந்த வருசம் தையிலதான் கோவில்பட்டிப் பக்கம் கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை தங்கம். சம்பந்தியும் வாயில்லாத மனுசன். சம்பந்தியம்மாவுக்கு ரெண்டு பேரு வாயும் சேத்து இருக்கு. ‘ஒங்கப்பா மீன் பிடிக்கிறவரா, மீனுக்குத் தீவனம் விக்கிறவரா’ன்னு எம் மகள்கிட்ட கேட்டிருக்காவ. இவளுக்கு ரோசம். ‘எங்கப்பா ஒத்தையா வள்ளத்தை எடுத்துக்கிட்டுப் போனாருன்னா, ஒரு ஆளு தூக்க முடியாத மீனோடதான் வருவாரு’ன்னு அள்ளி விட்டுட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல பாருங்க.

வைகாசியில சம்பந்தி வீட்டாரு முதல் விருந்துக்கு வாராவ. ஞாயித்துக்கிழமை, பதினோரு பேரு. எங்க பக்கம் சம்பந்தி விருந்துன்னா பெரிய மீனா எடுத்து, தலையை முழுசாச் சம்பந்தி இலையில வைக்கணும். தலை சின்னதாப் போச்சுன்னா மரியாதை சின்னதாப் போச்சுன்னு அர்த்தம். அப்போ பாத்துத் தடைக்காலம். விசைப்படகு பூரா கரையில. மார்க்கெட்டுல பெருசா இருந்தது மீன்காரி குரல் மட்டுந்தான்.

சுகந்தி போன் பண்ணுனா. ‘அப்பா, நீங்களே பிடிச்சதா இருக்கணும்ப்பா’ன்னா. அழல. அழுதிருந்தாக்கூடத் தேவல. சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதான் எனக்குத் தாங்கல.

‘கவலைப்படாத மக்கா, அப்பன் என்னத்துக்கு இருக்கேன்’னுட்டேன். சனிக்கிழமை ஒரு நாள் கையில இருக்கு, தொட்டி நெறைய உயிர் எறால் இருக்கு, பிடிச்சிரலாம்னு நெனப்பு. வெள்ளிக்கிழமை கரண்டு போயிருச்சு சார். தொட்டியில காத்து ஊதுற மோட்டாரு நின்னு போச்சு. சனிக்கிழமை விடிய மூடியைத் தொறந்தா, எறாலு பூரா வெளுத்துப் போய் மெதக்கு.

வேற வழி? செத்த எறாலைக் கூடையில அள்ளிக்கிட்டு, ஒத்தையா வள்ளத்தை அவுத்துட்டேன். போறப்போ, கடையில ரீலு வச்ச தூண்டில் ராடு ஒண்ணு கெடந்துச்சு, அதையும் தூக்கிப் போட்டுக்கிட்டேன். மதுரை டாக்டர் ஒருத்தர், மாசம் ஒருக்கா வருவாரு, நம்ம கடையிலதான் வச்சிட்டுப் போவாரு. ராடுக்குத்தான் எடுத்தேன். அதுல ஒரு பொம்மை தொங்குனது தற்செயல். நம்புங்க.

காலையில முகத்துவாரத்துல போட்டேன். கெளுத்திதான் வந்துச்சு. மணல் திட்டுக்கு மேக்க போட்டேன். பேத்தை. கண்டல் மரத்தடியில போட்டேன். நண்டு வந்து எறாலைப் பிச்சுத் தின்னுட்டு, கொக்கியை எனக்கு விட்டுட்டுப் போச்சு. செத்த எறாலைக் கொடுவா சீந்தாது சார். அது பெரிய எடத்துப் பிள்ளை. துள்ளுனாத்தான் வரும்.

உச்சி வெயிலு வந்துருச்சு. வள்ளத்தை இடிஞ்ச பழைய பாலத்துத் தூணுல கட்டிட்டு, பிரமு குடுத்துவிட்ட சோத்தைத் தின்னேன். நெத்திலிக் கருவாடு வறுத்து வச்சிருந்தா. நாளைக்குச் சம்பந்தி இலையில கெளுத்தித் தலையை வச்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். அதுக்கு மீசை வேற இருக்கும்.

அப்போதான் அந்தப் பொம்மை என்னையப் பாத்துச்சு.

பச்சை முதுகு, வெள்ளி வயிறு, அடியில மூணு முள்ளுக் கொக்கி ரெண்டு. கண்ணு ரெண்டும் பிதுங்கிக்கிட்டு, சம்பந்தியம்மா முழிக்கிற மாதிரியே முழிக்கு. நான் கெழக்க பாத்தேன், மேக்க பாத்தேன். ஒரு பய இல்ல. ஒரு நாரை மட்டும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. நாரை போயி டீக்கடையில சொல்லவா போகுது? எடுத்தேன்.

மொதல் வீச்சுல என் துண்டு போச்சு. தோளுல கெடந்த துண்டு, கொக்கியில மாட்டிக்கிட்டுக் கொடி மாதிரிப் பறந்து போயிக் கழியில விழுந்துச்சு. ரெண்டாவது வீச்சு தூணுல போயி ‘ணங்’குன்னு அடிச்சு, பொம்மைக்கு ஒரு கண்ணு தெறிச்சிருச்சு. ஐயோ, டாக்டர் சாமானாச்சேன்னு பதறிட்டேன். ஒத்தைக் கண்ணோட அது இன்னும் மோசமாப் பாக்கு என்னைய.

மூணாவது நல்லா விழுந்துச்சு. விழுந்தப்புறம் என்ன செய்யணும்? எறாலுன்னா எறிஞ்சிட்டு ஒரு பீடியைப் பத்த வச்சிரலாம். எறாலு அதோட வேலையைப் பாக்கும், நாம நம்ம வேலையைப் பாக்கலாம். பொம்மைன்னா அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நாமதான் எறாலு. நாம நடிக்கணும். லிங்கதுரை டீக்கடையில ஆடிக் காட்டுவான்: ‘ரெண்டு இழு இழுக்கணும் அத்தான். அப்புறம் நிறுத்தணும். அடிபட்டு மயங்கிக் கெடக்க மாதிரி விட்டுரணும். அந்த எடத்துலதான் அடிக்கும்.’ அப்போ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். இப்ப ஒவ்வொரு வார்த்தையா ஞாபகம் வருது.

வீசுதேன், இழுக்கேன், நிறுத்துதேன். வீசுதேன், இழுக்கேன், நிறுத்துதேன். ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமா, தெரியல. மயங்கின மீனு மாதிரி நடிக்க நடிக்க எனக்கே மயக்கம் வந்துருச்சு. ஆனா ஒண்ணு சார். அலுக்கல. இத்தனை வருசம் தூண்டில் போட்டிருக்கேன், தண்ணிக்கு அடியில என்ன நடக்குன்னு நான் இப்படி யோசிச்சதே இல்ல. தூணுக்கு அந்தப் பக்கம் நெழலு இருக்கே, அங்கல்லா கொடுவா படுத்திருப்பான், நிறுத்துனா யோசிப்பான், வேகமா இழுத்தா ரோசப்படுவான்னு எம்பாட்டுக்குப் பேசிக்கிட்டே வீசுதேன். நல்லாயிருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். அலுக்கலன்னு மட்டும் சொல்லுதேன்.

வெள்ளம் ஏற ஆரம்பிச்சுச்சு. தண்ணி தூணுல மோதிச் சுழிச்சுச்சு. அந்தச் சுழியில போட்டேன். ரெண்டு இழு. நிறுத்துனேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுதேன். மூணு சொல்லல.

கையைப் பிடுங்கிட்டுப் போற மாதிரி ஒரு அடி சார்! ரீலு கத்துது. வள்ளம் திரும்பிருச்சு. நூறடி தள்ளி, தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு மேல வந்து, தலையை இப்படியும் அப்படியும் ஒரு ஒதறு ஒதறுச்சு பாருங்க. கொடுவா! வாயோரத்துல அந்தப் பச்சைப் பொம்மை தொங்குது. என் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேன். டீக்கடையில சொன்ன வார்த்தை அந்த எடத்துலயே நெஞ்சுல வந்து குத்துது. கை மட்டும் ரீலைச் சுத்துது.

அரை மணி நேரம். தூணைச் சுத்தி ஓடப் பாத்துச்சு, கழைக்கம்பால வள்ளத்தைத் தள்ளி நானும் கூடவே சுத்துனேன். கடைசியா வள்ளத்தோரம் வந்து சாஞ்சு படுத்துச்சு. ஒம்பது கிலோவுக்கு மேல. தலையே இந்தா, இம்புட்டு.

பொய் சொல்லல சார், விட்டுரலாமான்னு நெனச்சேன். தூண்டில் நரம்பை அறுத்து விட்டுட்டா நான் பாக்கல, அது கடிக்கல. ஊருக்குச் சொன்ன சொல்லு அப்படியே நிக்கும். கத்தியைக் கூடக் கையில எடுத்துட்டேன். அப்பதான் எம் மக சிரிச்சுக்கிட்டே போன்ல பேசுனது காதுல கேட்டுச்சு. போடா ஒன் சொல்லும் நீயும்னு கத்தியைப் போட்டுட்டு, செவுளுக்குள்ள கையை விட்டுத் தூக்கிட்டேன். கொடுவாவுக்குச் செவுள் மூடி பிளேடு மாதிரி இருக்கும்னு தெரியாதவனா நான்? அவசரத்துல மறந்துட்டேன். இந்தா பாருங்க, பெருவிரல்ல தழும்பு.

பொம்மையை எடுக்கணும்லா. எடுக்க முடியல. நாம ஒத்தைக் கொக்கிக்காரன், மூணு முள்ளைக் கழட்டக் குறடு எங்கிட்ட ஏது? இழுக்க இழுக்க உள்ள போகுது. கையில ரத்தம் வேற. சரி, வீட்டுல போயி நிதானமா எடுத்துக்கலாம்னு நரம்பை அறுத்து, பொம்மையை வாய்க்குள்ளயே தள்ளிட்டு, நனைஞ்ச சாக்குல சுத்திக் கொண்டுவந்துட்டேன்.

பின்வாசல்ல சாக்கை எறக்குனதுதான் தாமதம், பிரமு மீனை அருவாமனைக்கு இழுத்துட்டா. ‘இரு, தலையை நான் பாத்துக்கிடுதேன்’னேன். ‘கையைக் கிழிச்சிட்டு வந்து நிக்கிய, நீங்க என்னத்தைப் பாப்பிய? போய் மஞ்சப்பத்துப் போடுங்க’ன்னு வெரட்டிட்டா. மஞ்சளை வச்சுக் கட்டிட்டு ஓடி வாரேன், தலையை வெட்டிக் கழுவி, சட்டியில தயாரா வச்சிருக்கா. பொம்மையைக் காணோம்.

எப்படிக் கேக்க? ‘என்ன பிரமு, தலைக்குள்ள ஏதும் கெடந்துச்சா’ன்னு நைசாக் கேட்டேன். ‘தலைக்குள்ள என்ன கெடக்கும்? ஒங்க தலைக்குள்ளயே ஒண்ணும் கெடையாது’ன்னா. அப்பாடான்னு இருந்துச்சு. வழியில நழுவிக் கழியில விழுந்திருக்கும். இல்லன்னா காக்கா தூக்கியிருக்கும். மினுக்குற சாமானைக் காக்கா விடாதுல்லா.

விருந்தைப் பத்தி என்னத்த சொல்ல! தலையை முழுசாக் கொண்டு போயிச் சம்பந்தி இலையில வச்சோம். இலையில எடமில்ல, சோத்துக்கு இன்னொரு இலை போட்டோம். கரிசக்காட்டு மனுசன், எங்க கைய வைக்கன்னு தெரியாமத் தலையையே பாக்காரு, தலையும் அவரைப் பாக்கு. சம்பந்தியம்மா மூணு தடவை கொழம்பு வாங்குனாவ. போறப்போ தூக்குவாளியில வேற. சுகந்தி பரிமாறிக்கிட்டே வாரா. ‘நான்தான் சொன்னேன்லா அத்தை’ங்கா. அவ மொகத்தைப் பாத்தேன் சார். அந்த ஒரு பார்வைக்கு நான் நூறு சொல்லையும் விட்டுக் குடுப்பேன்.

லிங்கதுரையும் பந்தியில நிக்கான். தாய்மாமன்லா. ‘அத்தான், எதுல பட்டுச்சு’ங்கான்.

‘எறாலுல’ன்னேன்.

‘வெள்ளை எறாலா, வரி எறாலா?’

‘வெள்ளை.’

‘வெள்ளைன்னா கொடுவாவுக்கு உசிரு அத்தான்’னுட்டு, பிரமுவை ஒரு பார்வை பாத்துட்டு, ரசத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நம்பிட்டான். அன்னையிலேருந்து பய வாயத் தொறக்கல. இப்பக்கூட இந்தப் பக்கம் பைக்குல போனான்னா, ஆரனை அடிச்சு, கடையைப் பாத்து அண்ணாந்து ஒரு சல்யூட்டு. தோத்தவன் மரியாதை தெரிஞ்சவன்.

அந்த மதுரை டாக்டரு வந்தாரு. ‘டாக்டர், ஒங்க பொம்மையைத் தொலைச்சிட்டேன்’னு கூனிக் குறுகி நின்னேன். அவரு வாசல்ல நின்னு மேல பாத்தாரு, சிரிச்சாரு. ‘விடுங்க கொம்பையா, நல்ல எடத்துலதான் இருக்கு’ன்னாரு. கடல்லதான இருக்குங்காரு போல. பெரிய மனுசன்.

யாவாரமும் அதுக்கப்புறம் சூடு பிடிச்சிருச்சு. எல்லாம் பிரமு கைராசி. அந்த விருந்து முடிஞ்ச செவ்வாக்கிழமையிலேருந்து வாசல்ல எலுமிச்சம்பழமும் மொளகாயும் அவளே கட்டுதா. வாரா வாரம் மாத்துவா. எனக்கு ஒரே ஒரு கண்டிசன். கட்டுனதைக் கடைக்காரன் அண்ணாந்து பாக்கக் கூடாதாம். பாத்தா, ஊரு கண்ணு பூரா அவன் மேலயே எறங்கிருமாம். யாரோ சாமியாடி சொன்னதுன்னா. நமக்கு என்னத்துக்கு வம்பு? நான் பின்வாசல் ஆளு, கழியும் வள்ளமும் பின்னாலதான். முன்னால போனாலும் குனிஞ்சுதான் போவேன். ஒரு வருசமா ஒரு தடவை பாக்கல.

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு முள்ளு சார். செவுள் கிழிச்சது ஆறிப்போச்சு, இது ஆறல. டீக்கடைக்குப் போனா, அந்த எடத்துல உக்காந்து டீ குடிச்சா, பாதியில வச்சுட்டு எந்திரிச்சிருதேன். சொன்னேன்லா. என் கையால கட்டுதேன்னு சொன்னேன்லா. பொம்மை இருந்திருந்தாக்கூட என்னைக்காவது ஒரு நாளு துணிஞ்சு கட்டியிருப்பேனோ என்னமோ. அதுவும் போச்சு. கொம்பையா சொல்லு தவறிட்டான்னு கொம்பையாவுக்குத் தெரியுமே.

என்ன சார், மறுபடியும் மேல கைய காட்டுதிய? எது விலைக்கான்னு கேக்கிய? நான்தான் பாக்கக் கூடாதுன்னேனே. என்ன, போட்டோவா? போட்டோ எடுத்துக் காட்டுதியளா? போட்டோவுல பாத்தா அண்ணாந்து பாத்ததா ஆகாதுல்லா? சரி, எடுங்க. எங்க, குடுங்க போனை.

எலுமிச்சம்பழம். மொளகாய். அதுக்குக் கீழ...

இதைப் பெருசாக்குங்க சார்.

பச்சை முதுகு. ஒத்தைக் கண்ணு. கொக்கி முனை ஆறையும் நறுக்கியிருக்கா பாருங்க, போற வாரவன் தலையில குத்திரக் கூடாதுன்னு.

ஒரு வருசமா சார். ஒரு வருசமா ஊரு பூரா பாத்துருக்கு. டாக்டர் பாத்துருக்காரு. அந்தப் பய சல்யூட்டு அடிச்சது எனக்கில்ல. ஒருத்தன், ஒருத்தன் எங்கிட்ட வாயத் தொறக்கல. தலைக்குள்ள ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லிட்டு, இவ... என் சொல்லு போகக் கூடாதுன்னு கட்டிட்டா. என் மூஞ்சி போகக் கூடாதுன்னு பாக்கக் கூடாதுன்னுட்டா.

இருங்க சார், கண்ணுல வெயிலு.

பிரமு! ஏட்டி பிரமு!

ஒண்ணுமில்ல. இன்னைக்குச் செவ்வாக்கிழமைலா? பழமும் மொளகாயும் கோத்து வச்சிருக்கியே, அதைக் கொண்டா. நான் பாக்கல, நான் ஒண்ணும் பாக்கல. கொண்டான்னா கொண்டா. இந்த வாரம் நான் கட்டுதேன். பொம்மையைக் கழட்டிட்டுக் கட்டப் போறேனான்னு கேக்கியா? இல்ல இல்ல, அதையும் சேத்துத்தான். சிரிக்காத.

இல்ல சார், அது விலைக்கு இல்ல. எந்திரிங்க, அந்த ஸ்டூலைக் குடுங்க. ஒரு காலு ஆடும்னு சொன்னேன்லா, கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கிடுங்க.